வெள்ளைக் கையுறைக்காரர்கள்

ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வடக்கே போனால் வெள்ளானூர். கொஞ்சம் வயல், நிறைய பிளாட் கல், அதைவிட நிறைய காலேஜ் பஸ். போன மாதம் அங்கே ஒரு மொட்டைமாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் வெந்துகொண்டிருந்தேன். நண்பரின் மகனுடைய அறை. கல்யாண வீடியோ எடுப்பது அவனுக்குத் தொழில். குறும்படம் எடுப்பது வியாதி. நண்பர் டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். ''படத்துக்கு என்னவோ கலர் பண்ணணுங்கிறான். ரெண்டு நாளா மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க வந்து என்னான்னு கேளுங்களேன்'' என்று போன் செய்திருந்தார்.

விஷயம் இதுதான். பையன் 22 நிமிஷத்தில் ஒரு படம் எடுத்திருக்கிறான். காலேஜ் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு கிழவியின் ஒரு நாள். நடித்திருப்பது அவனுடைய சொந்தப் பாட்டி. எடிட்டிங் முடித்து, சாலிகிராமத்தில் ஒரு கலரிஸ்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்: ''தம்பி, படம் நல்லாருக்கு. ஆனா இதுல நான் கலர் பண்ண முடியாது. ரெடி பண்ணி எடுத்துட்டு வா.''

''முடிச்சுக் குடுத்தா ரெடி பண்ணுங்கிறாரு அங்கிள். எடிட் முடிச்ச படத்துல இன்னும் என்னத்த ரெடி பண்றது?''

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் எழுபது வருஷம் பின்னால் போகணும். சேலத்துக்கு!

1956 பொங்கலுக்கு மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளியானது. எம்.ஜி.ஆர்., பானுமதி, டைரக்ஷன் டி.ஆர்.சுந்தரம். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனி தயாரித்த கேவாகலர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அன்றைக்குக் கலர் என்பது கல்யாணச் செலவு மாதிரி. கையை மீறிப் போகும். இரண்டு வருஷம் கழித்து 'நாடோடி மன்னன்' எடுத்த எம்.ஜி.ஆரே, படத்தின் பிற்பகுதியில் மட்டும் கலரைக் காட்டி நிறுத்திக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. ஃபிலிமில் படம் எடுத்த காலத்தில், எடிட்டர் மேஜை மேல் எந்த ஃபிலிமை வைத்து வெட்டினார்? கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமையா?

இல்லை. அதைத் தொட்டால் கையை வெட்டிவிடுவார்கள்!

கேமராவுக்குள் ஓடியது நெகட்டிவ். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கதாநாயகியின் சிவப்புப் புடவை அதில் பச்சை கலந்த நீலமாக இருக்கும். வில்லனின் கறுப்புக் கோட்டு வெளுத்துப்போயிருக்கும். லேபில் கழுவியதும் அதிலிருந்து அவசரமாக ஒரு பிரிண்ட் போடுவார்கள். அதன் பெயர் ரஷ். நெகட்டிவ் டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எடிட்டர் கையில் அல்லாடுவதெல்லாம் ரஷ்தான். அதை மூவியோலாவில் நூறு முறை ஓட்டலாம். மெழுகுப் பென்சிலால் குறுக்கே கோடு போடலாம். வெட்டலாம், டேப் போட்டு ஒட்டலாம், டைரக்டருக்குத் தூக்கத்தில் வேறு யோசனை வந்தால் பிரித்து மறுபடி ஒட்டலாம். கீறல் விழுந்தால், டீ கொட்டினால், 'போனால் போகட்டும்'. இன்னொரு ரஷ் போட்டுக்கொள்ளலாம்.

மாதக்கணக்கில் இப்படி மல்லுக்கட்டி, 'இதுதான் படம், இனி ஒரு ஃபிரேம் மாறாது' என்று டைரக்டரும் எடிட்டரும் சத்தியம் செய்த பிறகுதான், டப்பாவில் படுத்திருக்கும் நெகட்டிவை எழுப்புவார்கள். எழுப்புகிறவருக்கு நெகட்டிவ் கட்டர் என்று பெயர்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இவர்களுக்காகத்தான். டைட்டிலில் ஒரு மூலையில் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். பேட்டி கிடையாது, கட்-அவுட் கிடையாது. தூசு புகாத அறை. கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை, ஏனென்றால் விரல் ரேகை பட்டால்கூட அது திரையில் ஆளுயரத்துக்குத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் எடிட்டர் வெட்டி ஒட்டிக் கந்தலாக்கிய ரஷ். அந்தப் பக்கம் கன்னி கழியாத நெகட்டிவ். இரண்டையும் இணைப்பது ஒரு எண்.

ஃபிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, அடிக்கு ஒரு எண் கம்பெனியிலேயே பதிந்து வரும். நெகட்டிவில் இருக்கும் அந்த எண், ரஷ் பிரிண்ட் போடும்போது அதிலும் விழும். ஆக, எடிட்டர் ரஷ்ஷில் எந்த இடத்தில் வெட்டியிருக்கிறாரோ, அதே எண்ணை நெகட்டிவில் தேடி, அங்கிருந்து ஃபிரேம்களை எண்ணி, அதே ஃபிரேமில் கத்தரி. 35 எம்.எம். ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு ஓடுவது 24. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. கணக்குப் போட்டால் 2,16,000 ஃபிரேம். அதில் ஒரு ஃபிரேம் பிசகக் கூடாது.

பிசகினால்? ஒட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நெகட்டிவை டேப் போட்டு ஒட்டமுடியாது. ஒரு முனையில் மருந்துப் பூச்சைச் சுரண்டி, சிமென்ட் என்கிற திரவத்தைத் தடவி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டவேண்டும். அந்த ஏற்றத்துக்கு அடுத்த ஃபிரேமில் ஒரு பகுதி பலி. அதாவது, ஒருமுறை வெட்டிய நெகட்டிவை வெட்டியது வெட்டாததாக ஆக்கவே முடியாது. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும்.

''சரி அங்கிள், அதுக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்?'' என்றான் பையன்.

அங்கேதான் வருகிறேன்.

காலையில் எடுத்த ஷாட்டையும் மத்தியானம் எடுத்த ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் எப்படி இருக்கும்? ஒன்றில் நாயகி மஞ்சள் பூசியது போலவும், அடுத்ததில் காமாலை வந்தது போலவும் தெரிவாள். இரண்டும் ஒரே பொழுது, ஒரே இடம் என்று பார்க்கிறவர் நம்பவேண்டும். அதைச் சரிசெய்கிறவர் லேபில் உட்கார்ந்திருக்கும் கிரேடர். அமெரிக்காவில் டைமர் என்பார்கள். அவரிடம் இருந்தது மூன்றே விளக்கு: சிவப்பு, பச்சை, நீலம். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு விளக்கையும் எவ்வளவு திறப்பது என்று எண் கொடுப்பார். ஒன்று முதல் ஐம்பது வரை. 25 நடுவாந்தரம்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சிவப்பு விளக்கைக் கூட்டினால் படம் சிவக்காது. பச்சை-நீலம் பக்கம் சாயும். பிரிண்ட் ஃபிலிமும் எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடிக்கிற ஜாதிதானே! முகம் சிவக்கவேண்டும் என்றால் சிவப்பைக் குறைக்கவேண்டும். இப்படித் தலைகீழாகவே யோசித்துப் பழகியவர்கள் வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்களோ தெரியாது. 1960-களில் ஹேசல்டைன் என்ற கருவி வந்தது. நெகட்டிவை ஓட்டினால் டி.வி. மாதிரித் திரையில் நேரான நிறத்தில் காட்டும். குமிழைத் திருகிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் எல்லாம் கண், அனுபவம், சின்னச் சின்ன டெஸ்ட் துண்டுகள்.

இப்போது முடிச்சைக் கவனியுங்கள். பிரிண்ட் போடும் மெஷினில் நெகட்டிவ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தக் கணத்தில் மூன்று விளக்குகளும் சட்டென்று அடுத்த எண்ணுக்கு மாறவேண்டும். எப்போது மாறுவது என்று மெஷினுக்கு யார் சொல்வது? ஆரம்பத்தில் நெகட்டிவின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பிறகு ஒரு உலோகத் தாள் துணுக்கு. அதற்கும் பிறகு, 'முதல் ஃபிரேமிலிருந்து இத்தனையாவது ஃபிரேமில் மாற்று' என்று ஓட்டை போட்ட காகித நாடா. எந்த முறையானாலும் விளக்கு மாறுவது வெட்டு விழுந்த இடத்தில். வெட்டு இரண்டு ஃபிரேம் தள்ளிப் போய்விட்டால், அடுத்த ஷாட்டின் நிறம் இந்த ஷாட்டின் கடைசி இரண்டு ஃபிரேமில் பளீரென்று அடிக்கும்.

கிரேடர் நிறம் கொடுப்பது பானுமதியின் முகத்துக்கு என்று நாம் நினைக்கிறோம். மெஷினைப் பொறுத்தவரை முகமும் தெரியாது, பானுமதியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது விலாசம் மட்டும். இந்த ஃபிரேமிலிருந்து அந்த ஃபிரேம் வரை இந்த நிறம், அவ்வளவுதான். விலாசம் தப்பென்றால் தபால் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால்தான் முதலில் வெட்டு முடியணும், எண் சரிபார்க்கணும், நெகட்டிவ் ஒரே சரமாக நிற்கணும். அப்புறம்தான் கலர். இந்த வரிசையெல்லாம் ஒழுங்காக முடிந்து, நிறமும் ஒலியும் சேர்ந்த முதல் பிரிண்ட் வெளியே வந்தால், 'ஃபர்ஸ்ட் காப்பி ரெடி' என்று கோடம்பாக்கத்தில் தேங்காய் உடைப்பார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பித்தான் ஃபைனான்ஸியர் முதல் விநியோகஸ்தர் வரை பணம் கைமாறியது.

நடுவே ஒரு சின்ன விலகல். 1959-ல் பி.ஆர்.பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கேவாகலரில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிகலர் பிரிண்ட் போடப்பட்டு வந்தது. டெக்னிகலரில் சாயத்தை நேரடியாக, துணிக்கு அச்சுக் குத்துவது மாதிரி, ஃபிலிமில் ஏற்றுவார்கள். சீக்கிரம் வெளுக்காது. பின்னால் பரவலான ஈஸ்ட்மென்கலர் பிரிண்ட்கள் மலிவு, சுலபம். ஆனால் சாயம் நிற்காது. நீலப்பச்சைச் சாயம் முதலில் ஓடிப்போக, வருஷங்கள் கழித்து வானம், வயல், வாத்தியார், வில்லன் எல்லோரும் ரோஸ் கலருக்கு வந்துவிடுவார்கள். பழைய கலர் படம் ஒன்று டி.வி-யில் செக்கச்செவேலென்று ஓடியதைப் பார்த்து 'அந்தக் காலத்துக் கலரே இப்படித்தான் போல' என்று நீங்கள் நினைத்திருந்தால், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்தவர்கள் அப்படி எடுக்கவில்லை.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

1971-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். டெலிவிஷனும் மெமரெக்ஸ் கம்பெனியும் சேர்ந்து சி.எம்.எக்ஸ். என்றொரு எடிட்டிங் கருவியைக் கொண்டுவந்தன. அந்த வம்சத்துக் கருவிகள் விட்டுப்போன பெரிய சொத்து ஒரு பட்டியல். எடிட் டிசிஷன் லிஸ்ட், சுருக்கமாக இ.டி.எல். மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கும். இத்தனையாவது துண்டு, எந்த டேப், அதில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, அது படத்தில் எந்த நேரத்தில் உட்காருகிறது. அதில் படமே இருக்காது, விலாசம் மட்டும். நெகட்டிவ் கட்டரின் எண் தேடும் வேலை காகிதத்துக்கு வந்தாச்சு!

தமிழில் கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு முன்னோடி என்று 'மகாநதி'யை (1994) சொல்வது வழக்கம். ஏவிட் கருவியில் எடிட் செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் நெகட்டிவ் கட்டருக்கு வேலை போகவில்லை. எடிட்டர் கம்ப்யூட்டரில் வெட்டுவார், கம்ப்யூட்டர் பட்டியல் கொடுக்கும், பட்டியலைப் பார்த்து நெகட்டிவில் கத்தரி விழும். இதில் ஒரு தலைவலி. ஃபிலிமுக்கு விநாடிக்கு 24 ஃபிரேம், நம்மூர் டி.வி-க்கு 25. அந்த ஒரு ஃபிரேம் வித்தியாசத்தைக் கணக்கில் சரியாகக் கழிக்காவிட்டால் பட்டியல் பொய் சொல்லும். பொய்யை நம்பி நெகட்டிவை வெட்டினால் தீர்ந்தது கதை.

அப்புறம் 2000-ல் வந்தது கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?'. மிசிசிப்பியில் கோடையில் எடுத்தார்கள், எங்கும் பச்சைப்பசேல். கதைக்கு வேண்டியதோ 1930-களின் வறண்ட பழுப்பு. லேபின் மூன்று விளக்கால் பச்சையை மட்டும் தனியாகப் பிடித்துப் பழுக்க வைக்கமுடியாது. விளக்கு மொத்த ஃபிரேமுக்கும்தானே? ஆகவே ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய், 11 வாரம் உட்கார்ந்து இலைகளையெல்லாம் சருகாக்கினார். முழுப் படத்தையும் இப்படி டிஜிட்டலில் நிறம் சேர்த்த முறைக்கு டி.ஐ. என்று பெயர் நிலைத்தது. அடுத்த பத்து வருஷத்தில் சாலிகிராமத்திலும் 'டி.ஐ. எங்கே பண்றீங்க?' என்பது டீக்கடைப் பேச்சானது.

டி.ஐ. வந்ததும் கத்தரிக்கு வேலையில்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாக வைத்துவிடலாம். அப்புறம் டிஜிட்டல் கேமரா, நெகட்டிவே இல்லை. 2012-ல் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. 2013-ல் ஃபியூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. வெள்ளைக் கையுறைகள் கழற்றப்பட்டன. யாரும் விழா எடுக்கவில்லை.

அதே வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. ட வின்சி என்ற கலர் கருவி லட்சக்கணக்கான டாலர் விலையில், ஏ.சி. அறைகளில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது. 2009-ல் பிளாக்மேஜிக் கம்பெனி அதை வாங்கியது. 2010-ல் அதன் ரிசால்வ் மென்பொருளை 995 டாலருக்கு விற்றது. 2011-ல் ஒரு வடிவத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டது! அதுதான் வெள்ளானூர் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

கருவி வந்துவிட்டது. கையுறையை மட்டும் யாரும் கூடக் கொடுத்தனுப்பவில்லை.

கலரிஸ்ட் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்ததைப் பையன் காட்டினான். படித்துப் பார்த்தேன். எழுபது வருஷப் பழைய விஷயம்தான், பெயர்தான் வேறு.

முதல் வரி: 'ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுக்காதே. ஒரிஜினல் கிளிப் எல்லாம் வேணும்.' இவன் கொடுத்தது முடிந்த படத்தை நசுக்கிச் சுருக்கிய ஒற்றை ஃபைல். அது ரஷ் மாதிரி. பார்க்கலாம், பிழிந்தால் சாறு வராது. நிழலில் இருக்கும் முகத்தை வெளிச்சத்துக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும். கேமரா பதிந்த மூல ஃபைல்தான் நெகட்டிவ். அதோடு எந்தத் துண்டு எங்கே உட்காருகிறது என்ற பட்டியல்: இ.டி.எல். அல்லது அதன் பேரனான எக்ஸ்.எம்.எல்.

அடுத்து: 'எல்லாத்தையும் ஒரே டிராக்குக்குக் கொண்டு வா.' பையனின் டைம்லைனைப் பார்த்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் பரண் மாதிரி இருந்தது. ஏழு அடுக்கு. ஒன்றின் கீழ் ஒன்றாக, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைத்த ஷாட்கள். மேலே இருப்பதுதான் திரையில் தெரியும். கீழே இருப்பதெல்லாம் பட்டியலில் மட்டும் வந்து கலரிஸ்ட்டைக் குழப்பும். நெகட்டிவ் ஒரே சரமாக நின்ற மாதிரி இதுவும் நிற்கணும். அப்புறம், அவன் மேலே போட்டிருந்த ரெடிமேட் ஃபில்டர், கறுப்புப் பட்டை, டைட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். சாயம் போட்ட துணிக்கு மேல் சாயம் போடச் சொன்னால் யார் போடுவார்கள்?

இதற்குள் ஒரு வேடிக்கை. இரண்டு கேமராவில் எடுத்திருக்கிறான்; இரண்டுமே முதல் ஃபைலுக்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. பட்டியல் பாட்டியைக் கூப்பிட்டால் காலேஜ் பஸ் வந்து நிற்கிறது! ஓரத்து எண் ஏன் ஒவ்வொரு ஃபிலிம் சுருளுக்கும் வேறு வேறாக அச்சடிக்கப்பட்டது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. போதாக்குறைக்கு சில ஷாட் செல்போனில். கேமரா விநாடிக்கு 25, போன் 30, அதுவும் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி கூடிக் குறையும். பழைய 24-25 பஞ்சாயத்துதான், புதுச் சட்டையில். போன் ஷாட்களை முதலிலேயே 25-க்கு மாற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்திருக்கவேண்டும். இவன் செய்யவில்லை.

கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு: 'முழுப் படத்தையும் நேரம் ஓடுற மாதிரி ஒரு ரெஃபரன்ஸ் குடு. அதுக்கப்புறம் எடிட்டுல கை வைக்காதே.' பையன் சிரித்தான். ''கை வெச்சா என்ன அங்கிள்? கம்ப்யூட்டர்தானே, அண்டூ இருக்கே.'' அவனுக்கு அண்டூ இருக்கிறது. கலரிஸ்ட் அதற்குள் நூற்றைம்பது விலாசத்துக்கு நிறம் எழுதி வைத்திருப்பார். நடுவில் நீ அரை விநாடியை உருவினால் அதற்குப் பின்னால் இருக்கும் வீடெல்லாம் ஒரு நம்பர் தள்ளிப்போகும்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். 'தோம்' என்பது சும்மா. நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டைம்லைன் மெலிந்து ஒரே கோடாக வந்தது. மூல ஃபைல்களோடு இணைத்தான். எல்லாம் வந்தது. இரண்டு ஷாட் மட்டும் சிவப்பு.

சிவப்பு என்றால், 'ஃபைல் காணோம்'.

விடியற்காலை. இட்லிப் பானையைத் திறக்கிறாள் பாட்டி. ஆவி எழும்புகிறது, தெருவிளக்கு பின்னால். ஆவி விலக, முகம். படத்திலேயே நல்ல ஷாட் அதுதான். அடுத்தது, அதே ஆவிக்குள்ளிருந்து கை மட்டும். அன்றைக்குச் சாயந்திரம் திருமுல்லைவாயலில் ஒரு வளைகாப்பு. கார்டு ஃபுல். 'அதான் டைம்லைன்ல இருக்கே' என்று அழித்துவிட்டு, வளைகாப்பை எடுத்திருக்கிறான். டைம்லைனில் இருந்தது விலாசம் மட்டும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. மிச்சம் இருப்பது அந்த நசுக்கிய எக்ஸ்போர்ட்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் செய்யாததையா செய்துவிட்டான்? வெள்ளி எடுப்பதற்காகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை எடைக்குப் போட்ட தேசம் இது. வெட்டியது போக மிஞ்சிய நெகட்டிவ் 'வேஸ்ட்'. நம் வெக்கையிலும் ஈரத்திலும் டப்பாவுக்குள்ளேயே வினிகர் வாடை அடித்துச் சுருண்டது போக, லேப்கள் மூடப்பட்டபோது அநாதையாக நின்ற டப்பாக்கள் எத்தனையோ. பக்கத்தில் கேரளத்தில், அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979) என்ற அற்புதமான கலர் படம். 2021-ல் இத்தாலியின் போலோன்யாவில் அதைப் புதுப்பித்தபோது மூல நெகட்டிவ் கிடையாது. பிரிண்ட்தான் கிடைத்தது. புல் எந்தப் பச்சை, வானம் எந்த மஞ்சள் என்று யாரைக் கேட்பது? அரவிந்தன் 1991-லேயே போய்விட்டார். நல்லவேளை, ஒளிப்பதிவாளர் ஷாஜி என்.கருண் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய நிறத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லி வழிகாட்டினார். 2025-ல் அவரும் காலமானார்.

பையன் கலரிஸ்ட்டுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டேன். ஒன்றும் கோபமில்லை அவருக்கு. தினமும் பார்க்கிற கேஸ் போல. ''அந்த ரெண்டை எக்ஸ்போர்ட்ல இருந்தே வெட்டி வை தம்பி. அதை நான் ரொம்ப இழுக்க முடியாது. மத்த விடியற்காலை ஷாட்டையெல்லாம் அது பக்கமா கொண்டு வரேன். கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். பரவால்லியா?''

''பரவால்லண்ணா'' என்றான். குரலில் பரவாயில்லை இல்லை.

இந்தப் பஞ்சாயத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, மாடிப்படியில் கை ஊன்றி ஊன்றிக் கதாநாயகி ஏறி வந்தாள். எனக்கு இன்னொரு டம்ளர் மோர். விஷயத்தைப் பேரன் சொன்னான், ஃபைல், கார்டு, எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து. பாட்டி திரையில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

''இதுக்கா ரெண்டு நாளா சோறு துன்னாம கெடக்கிற? நாளைக்குக் காத்தால நாலரைக்கு வா. திரும்ப எடு.''

''அந்த ஆவி மாதிரி வராது ஆயா.''

''போடா... இட்லி வேகுற எடத்துல ஆவிக்கா பஞ்சம்?''